நிற்கிற ஆள்

இருமிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. சிரித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால்தான் பயம். கொரோனா வந்த வருஷத்து நவம்பரில் எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். தொண்டை கிழிய இருமியபடி ஒருவர் வருவார். "நான் போய்ட்டேன் டாக்டர், என் பிள்ளைங்களுக்குத் தகவல் சொல்லிடுங்க" என்று அழுவார். படத்தைப் பார்த்தால் நுரையீரல் இரண்டும் கன்னங்கரேலென்று இருக்கும். எங்கள் படத்தில் கறுப்பு என்றால் காற்று, கறுப்புத்தான் நல்லது. அவருக்குப் பின்னால் இன்னொருவர் வருவார். "பொண்டாட்டி தொல்லை தாங்காம வந்தேன், சீக்கிரம் விடுங்க, பன்றிக்குத் தீனி வைக்கணும்" என்று கேலி பேசிக்கொண்டே படுப்பார். அவர் படத்தில்தான் இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து உள்ளே வெளுப்பு ஏறியிருக்கும், பனிக்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடி வெளுத்துக் கிடப்பது போல. மூச்சு முட்டுகிறது என்பதே தெரியாமல் அவர் பன்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் பார்ப்பதுதான் என் வேலை. எனக்கோ உட்காரவே வராது. மேசைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இயந்திரத்தை ஓட்டுகிற நெபோய்ஷா, "மேடம், உங்க கால் ஆடினா எனக்குத் திரையும் சேர்ந்து ஆடுது" என்பான். போடா என்பேன்.

அன்று ஜூர்ஜித்ஸ். எங்கள் பிறந்த வீட்டுப் புனிதருடைய நாள், அதாவது எங்கள் ஸ்லாவா. எங்கள் என்று சொல்வதே தப்பு. ஸ்லாவா அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். பெண்ணுக்குப் புருஷன் வீட்டு ஸ்லாவாதான். என் புருஷன் பத்து வருஷத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவனுடைய புனிதரும் கூடவே போய்விட்டார். இப்போது எனக்கென்று ஒரு புனிதரும் கிடையாது. ஆகவே அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவேன். அந்த வருஷம் அதற்கும் வழியில்லை, விடிவதற்குள்ளாகவே வராந்தாவில் வரிசை நின்றது.

வரிசையில் நிற்காமல் பின்வாசல் வழியாக அண்ணன் ரதோமிர் வந்தார். எங்கள் ஊரில் உள்ளே ஒரு ஆளைத் தெரிந்தவன் எவனும் முன்வாசலுக்குப் போகமாட்டான். கூடவே அண்ணி பெர்சிதா, சால்வையைத் தலையோடு போர்த்தி, இடுப்பு ஒடிய இருமிக்கொண்டு.

"குரோஸ்தா, இவளை ஒரு படம் எடுத்து, ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார் அண்ணன். "பத்து மணிக்குப் பாதிரியார் ரொட்டி வெட்ட வர்றாரு. அப்புறம் ஜனம் வந்துரும்."

"எந்த ஜனம்? ஊர் இருக்கிற இருப்புல யாரைக் கூப்பிட்டீங்க?"

"நான் யாரையும் கூப்பிடல. ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? வர்றவங்க வருவாங்க."

"அப்ப வராதீங்கன்னு சொல்லுங்க."

"கூப்பிடாதவனை வராதேன்னு எப்படிடி சொல்றது? 'நீ வருவேன்னு நான் நினைச்சேன்'னு அர்த்தம் ஆயிடாது?"

படித்த பெண் நான். இந்தக் கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் நாட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் படும்.

அண்ணி இருமலுக்கு நடுவே என் கையைப் பிடித்தாள். "எனக்கு அந்த நோய் எல்லாம் இல்ல. குறுக்குக் காத்து அடிச்சிருச்சு, அவ்வளவுதான். நேத்து சர்மா அடிப்பிடிச்சு வீடே புகை. உங்கண்ணன் அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னு ரக்கியாச் சாராயத்தைப் பாட்டில்ல ஊத்திக்கிட்டு இருந்தாரு. மூக்கை எங்க அடகு வச்சிருந்தாரோ! நான் தொழுவத்துல இருந்து ஓடி வந்து ஜன்னலு, கதவு எல்லாத்தையும் தொறந்தேன். அந்தக் காத்துதான் நெஞ்சுல ஏறிக்கிச்சு."

"பெரிய பானை சர்மா," என்றார் அண்ணன் துக்கத்தோடு. "கீழ் வரிசை மொத்தமும் போச்சு."

முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி நாள் முழுக்க வேகவைக்கிற சர்மா அடிப்பிடித்தால் தெருக்கோடியில் இருக்கிறவனுக்கே நெடி ஏறும். என் மனதில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. ஆனால் அண்ணி மறுபடி இருமத் தொடங்கவும் அவளை உள்ளே கூட்டிப்போய்விட்டேன்.

அண்ணியின் நுரையீரல் பளிச்சென்று இருந்தது. அடியிலிருந்து நுனிவரை கறுப்பு. "இன்னைக்குச் சுத்தம்" என்றேன். "இன்னைக்கு மட்டும்தான் சொல்றேன் அண்ணி. ஆரம்பத்துல சில பேருக்குப் படத்துல ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போய்த் தனி அறையில இருங்க."

"ஸ்லாவா அன்னைக்கா? தனி அறையில இருந்துகிட்டு ரொட்டியை யாரு, நீ சுடுவியா?" என்றாள் அண்ணி.

வெளியே வந்தால் அண்ணன் சுவரில் சாய்ந்து நிற்கிறார். பக்கத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன.

"உக்காருங்களேன் அண்ணே."

"இன்னைக்கா? வீட்டுக்காரன் ஸ்லாவா அன்னைக்கு உக்காருவானா?"

உட்காரமாட்டான்தான். காலையில் மெழுகுவத்தி ஏற்றியதிலிருந்து கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுத் தலைவன் நின்றுகொண்டே பரிமாற வேண்டும். வந்தவர்களுக்கு அவன் செய்யும் மரியாதை அது. எங்கள் அப்பா காலில் மாவுக்கட்டோடு நின்றிருக்கிறார். ஆனால் அண்ணன் எப்போதும் எதிலும் ஒரு படி கூடுதல், மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுவார்.

"அப்படின்னா வண்டியை நின்னுக்கிட்டா ஓட்டிட்டு வந்தீங்க?"

"அது வேலை. வேலையெல்லாம் கணக்குல வராது." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, ஒரு மூச்சு வாங்கி, மீதியைச் சிரித்தார். கையிலிருந்த பாட்டிலை என்னிடம் நீட்டினார். "உன் ஆளுங்களுக்கு. இந்த வருஷத்து ப்ளம் ரக்கியா. நானே வடிச்சது."

மூடியைத் திறந்தேன். முகக்கவசத்தையும் தாண்டி நெடி கண்ணில் ஏறியது. ரக்கியா இல்லை, வினிகர். ஊறுகாய்க்கு அண்ணி வைத்திருந்த வினிகர்.

"மோந்து பாருங்க அண்ணே, நல்லா இருக்கா?"

மூக்குக்கு அருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். "அடடா" என்றார். "தேன் மாதிரி இருக்கு."

நேற்று சர்மா, இன்று வினிகர், இவருக்கு வாசனையே தெரியவில்லை. அவருடைய விரலைப் பிடித்துத் திருப்பினேன். நகத்தடியில் நீலம். நெபோய்ஷாவைக் கத்திக் கூப்பிட்டு ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பைப் போடச் சொன்னேன். நல்ல நாளில் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டியது எழுபத்தொன்பது காட்டியது.

"விரல் சில்லுன்னு இருக்கு மேடம், அதான்" என்றான் நெபோய்ஷா. கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி போட்டான். எழுபத்தெட்டு. அவன் ஓடிப்போய் ஸ்கேன் மேசையைத் தயார் செய்தான்.

"அண்ணே, உள்ள வாங்க. ஒரே நிமிஷம் படுங்க."

"எனக்கு என்னடி? இருமலா, காய்ச்சலா? நேத்து விறகு பொளந்தேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே நான் அழப்போகிறேன் என்றால் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். "சரி, படுத்தா உக்காந்ததா ஆகுமா?"

"ஆகாது."

"அப்ப சரி. படுக்கிறதைப் பத்தி அப்பா ஒண்ணும் சொல்லல" என்று போய்ப் படுத்தார்.

படம் திரையில் வந்தது. என் முதல் எண்ணம், நெபோய்ஷா பெயரை மாற்றிப் போட்டுவிட்டான் என்பது. இது அண்ணியுடையது, இருமுகிறவளுடையது. ஆணின் நெஞ்சுக்கும் பெண்ணின் நெஞ்சுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? தெரியும். முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். ஆனாலும் அந்தக் கணம் மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்று நான் கெஞ்சினேன். அப்போது ஏழாவது விலா எலும்பு திரையில் வந்தது. இடது பக்கம், ஒரு முடிச்சு போலத் தடித்துக் கோணலாகக் கூடியிருந்தது. பள்ளிக்கூட நாளில் ப்ளம் மரத்திலிருந்து மாட்டுத் தொட்டியின் விளிம்பில் விழுந்தார் அண்ணன். அது கோணலாகவே கூடியது. அந்த முடிச்சை விரலால் அழுத்தி அவரைக் கத்தவைப்பது எனக்கு வருஷக்கணக்கில் விளையாட்டு. அந்த எலும்பை நான் கண்ணை மூடிக்கொண்டும் அடையாளம் சொல்வேன்.

அதைச் சுற்றி எல்லாம் வெள்ளை. இரண்டு பக்கமும், அடியிலும் முதுகுப் பக்கமும், சில இடத்தில் பனிப்படலமாக, சில இடத்தில் கெட்டியாக. இப்படி ஒரு நெஞ்சோடு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த மாதம் திரும்பிப் போகவில்லை. அதுவும் மூச்சுக் கருவியோடு படுத்திருந்தவர்கள். இவரோ விறகு பிளந்துவிட்டு வந்திருக்கிறார்.

"மேசையிலேயே படுத்திருங்க, எந்திரிக்கக் கூடாது" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு மாடி வார்டுக்குப் போன் போட்டேன். படுக்கை இல்லை என்றார்கள். கத்தினேன். இருக்கிறது, ஆனால் சுத்தம் செய்ய நேரமாகும் என்றார்கள். இன்னும் கத்தினேன். வைத்துவிட்டுத் திரும்பினால் மேசை காலி.

"நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டாரு மேடம்" என்றான் நெபோய்ஷா. "நான் அடுத்த ஆளுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன்."

போன் போட்டேன், எடுக்கவில்லை. அண்ணிக்குப் போட்டேன், அவளுடையது என் மேசையிலேயே மணி அடித்தது, மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆம்புலன்ஸைக் கேட்டேன். எல்லா வண்டியும் வெளியே, காத்திருக்கணும் என்றார்கள். இரவு வேலை முடித்துப் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த டாக்டர் வுகாஷினை எழுப்பிப் படங்களை அவர் தலையில் கட்டிவிட்டு, என் ஓட்டை வண்டியை எடுத்தேன்.

பாலத்தில் எனக்கு முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்தது. ஹார்ன் அடித்தேன். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்து, யாரோ தெரிந்தவர்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினான். நான் ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டு அவனையும் அவன் முட்டைக்கோஸையும் அவன் பாட்டனையும் திட்டினேன். எனக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது: எழுபத்தெட்டில் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நின்றுகொண்டிருக்க முடியும்?

அண்ணன் வீட்டு வாசற்கதவு திறந்திருந்தது. பாதிரியார் ரொட்டியை வெட்டி, ஆசீர்வதித்து, அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். முன்கூடத்தில் புனிதரின் படத்துக்குக் கீழே மெழுகுவத்தி எரிந்தது, முழங்கை உயரம், சாயங்காலம் வரை தாங்கும். கையில் ஒயினும் காபிப் பொட்டலமுமாக ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். அண்ணன் நிலைவாசலில் நின்று இனிப்புக் கோதுமைத் தட்டை நீட்டி ஒவ்வொருவரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். ஒரு கையில் தட்டு, மறு கை நிலையைப் பிடித்திருந்தது. பிடித்திருந்த விரல்களில் ரத்தமே இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? அடுப்படியில் அண்ணி இருமும்போதெல்லாம் அந்தக் கூட்டம் மொத்தமும் அவளிடமிருந்து ஒதுங்கி, அண்ணன் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். "அண்ணனுக்குக் கொரோனா. நெஞ்சு பூரா வெள்ளையா இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

யாரும் அசையவில்லை. அண்ணனுக்குக் கல்யாணச் சாட்சி நின்ற திஹோமிர்தான் முதலில் பேசினார். கல்யாணச் சாட்சியை நாங்கள் கூம் என்போம், அண்ணன் தம்பிக்கும் மேலே அவன். "என்னம்மா குரோஸ்தானா, இந்த ஆளுக்கா? கருவாலி மரம் மாதிரி நிக்கிறாரு. இருமுறது பெர்சிதா இல்லையா?"

"இருமுறவ நல்லா இருக்கா. நிக்கிறவர்தான் சாகப் போறாரு!"

"ஸ்லாவா அன்னைக்கு வாயில என்ன வருது பாரு" என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அண்ணன் சிரித்தார். "விடுங்க. எந்தங்கச்சிக்கு இருட்டறையில உக்காந்து உக்காந்து... எல்லாரும் படமாத்தான் தெரியுறாங்க."

நடுவில் நின்ற அந்த இடைவெளி எனக்கு மட்டும்தான் கேட்டது. கேட்டதும் எரிச்சலில் எனக்கு ஒரு வழி தோன்றியது. "சரி அண்ணே. நான் தப்பாவே பார்த்திருக்கலாம். கூம் வந்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு. வாழ்த்துச் சொல்லுங்க. அப்பா சொல்ற மாதிரி, முழுசா."

ஸ்லாவா வாழ்த்து நீளமானது. கடவுளுக்கு, புனிதருக்கு, வீட்டுக்கு, வந்தவர்களுக்கு, வராதவர்களுக்கு. அப்பா அதை ஏற்ற இறக்கத்தோடு பாட்டு மாதிரி சொல்வார். அண்ணன் அதைவிட நன்றாகச் சொல்வார். தட்டை வைத்துவிட்டுக் கிளாஸைத் தூக்கினார்.

"கடவுளோட மகிமைக்கு..." நின்றது. "நம்ம புனிதர்..." நின்றது. வாய் திறந்திருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. "நம்ம வீட்..."

திஹோமிர் தன் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். அண்ணனின் உதட்டை இப்போது எல்லோரும் பார்த்தார்கள். பழுத்த ப்ளம் நிறம்.

"கிளம்புங்க அண்ணே" என்றேன். அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டேன். "கெஞ்சிக் கேக்கிறேன்."

"முடியாதுடி." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார். "மெழுகுவத்தி எரியுது. பையன் ஸ்டுட்கார்ட்ல இருக்கான். எல்லையை மூடிட்டாங்க. இந்த வீட்ல... நிக்க... ஆள் இல்லாம... ஒரு வருஷம்கூட..."

"நான் நிக்கிறேன்!"

"நீ கட்டிக்குடுத்தவ."

"கட்டினவன் போய்ப் பத்து வருஷம் ஆச்சு! எனக்குத்தான் எந்தப் புனிதரும் இல்லையே, ஒரு நாளைக்கு இவரைக் குடுத்தா குறைஞ்சா போயிடுவாரு?" கண்ணீர் முகக்கவசத்துக்குள் ஓடியது. அன்றுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது.

அண்ணன் தலையை ஆட்டினார். முடியாது என்று. நிலையைப் பிடித்த கை நழுவி மறுபடி பிடித்தது.

அப்போது அடுப்படியிலிருந்து அண்ணி வந்தாள். கையில் கரண்டி. முகம் துணியால் கட்டியிருந்தது.

"யோவ் மனுஷா" என்றாள். இருமினாள், எல்லோரும் இருமல் முடியக் காத்திருந்தார்கள். "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு ஸ்லாவாவுக்காவது உக்காந்து பார்த்திருக்கியா? முந்தின நாள் மாவு பிசையுறதுல இருந்து மறுநாள் கடைசித் தட்டு கழுவுற வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். ரதோமிர் நாள் பூரா நிக்கிறான், என்ன மரியாதைன்னு ஊரே பேசும். அடுப்படியில நிக்கிறது ஒரு நாய்க்குக்கூடத் தெரியல. நிக்க ஆள் இல்லையாம்!"

அண்ணன் அவளைப் பார்த்தார். எதிர்பாராமல் கால் இடறினவர் மாதிரி பார்த்தார்.

"நீங்கள்லாம் கிளம்புங்க" என்று அண்ணி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ஸ்லாவா வீட்டிலிருந்து விருந்தாளியை அனுப்பியவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் அனுப்பினாள். "வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு இருங்க. யாருக்காவது வாசனை தெரியலன்னா இவகிட்ட ஓடுங்க. இந்த மெழுகுவத்தி தானா முடியுற வரைக்கும் நான் நிப்பேன். இருமிக்கிட்டே நிப்பேன். போ மனுஷா, போய்ப் படு."

அண்ணன் நிலையை விட்டார். விட்டதும் முழங்கால் மடங்கியது. நோயாவது ஒன்றாவது என்று திஹோமிர் பாய்ந்து அவரைத் தோளில் தாங்கிக்கொண்டார். அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடத்தான் தோன்றியது.

என் வண்டியின் முன்கதவைத் திறந்தோம். அண்ணன் இருக்கையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"உக்கார... மாட்டேன்."

சாகப்போகிற நேரத்திலும்! பின் இருக்கையில் குப்புறப் படுக்கவைத்து, காலை மடக்கிக் கதவைச் சாத்தினேன். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்று போகும். அந்த நேரத்தில் செய்யக்கூடியதும் அதுதான். வழி நெடுக, "அண்ணே, பேசுங்க" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். "பேசினா... மூச்சு... போகுது. நீயே... பேசு" என்றார். நான் பேசினேன். மரத்திலிருந்து விழுந்த கதையைப் பேசினேன். அந்த டிராக்டர் திரும்பி வந்துகொண்டிருந்தது, காலியாக. மறுபடி கையை ஆட்டினான்.

மாடி வார்டில் ஆக்ஸிஜன் முகமூடியை இறுக்கிக் கட்டிக் குப்புறப் போட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அண்ணிக்கு வீட்டுப் போனில் அடித்தேன்.

"மெழுகுவத்தி எப்படி இருக்கு?"

"பாதி."

"உக்காருங்க அண்ணி. உங்களுக்கும் காய்ச்சல் இருக்கும்."

"வேலையைப் பாருடி" என்று வைத்துவிட்டாள்.

பொழுது சாயும்போது அவளே கூப்பிட்டாள். "முடிஞ்சிருச்சு. கடைசியில ஒயின் ஊத்தி அணைச்சேன், அவர் செய்யுற மாதிரியே. இப்ப உக்காரப் போறேன்." அவள் நாற்காலியை இழுக்கிற சத்தம் போனில் கேட்டது. பிறகு அழுகிற சத்தம். இருமலும் அழுகையும் கலந்து எது எதுவென்று தெரியவில்லை.

அதன்பின் வந்த நாட்களைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணிக்கும் காய்ச்சல் அடித்தது, வீட்டிலேயே படுத்து எழுந்துவிட்டாள். அண்ணனின் இரண்டாவது படம் முதலாவதைவிட வெள்ளை. பகலில் வருகிற எல்லோருடைய படத்தையும் நான்தான் பார்க்க வேண்டும், அதையும் நான்தான் பார்த்தேன். தொண்டையில் குழாய் இறக்கலாமா என்று வார்டு டாக்டர்கள் தினமும் யோசித்தார்கள். இறக்கினவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வராந்தாவில் அங்குமிங்கும் நடந்தேன். நெபோய்ஷா ஒரு நாளும் கேலி செய்யவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் மட்டும் சொன்னபடி கேட்டார். மற்ற நோயாளிகள் கழுத்து வலிக்கிறது, புரட்டிப் போடு என்று சண்டை போடுவார்கள். இவர் நாள் முழுக்கக் குப்புறவே கிடந்தார். நர்ஸ் ஒருத்தி வியந்துபோய்க் கேட்டிருக்கிறாள், எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று. முகமூடிக்குள்ளிருந்து இரண்டு இரண்டு சொல்லாகச் சொன்னாராம்: "வீட்ல அவ... நின்னா. நான்... படுக்கவாவது... வேணாமா?"

மூன்றாவது படத்தில் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு தெரிந்தது. இடது பக்கம், ஏழாவது விலாவுக்குக் கீழே. விரல் நுனியளவு. நெபோய்ஷா எட்டிப் பார்த்து, "மேடம், திரை ஆடுது" என்றான். ஆமாம்டா, ஆடுது என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனார், பாதி உடம்பாக. நுரையீரலில் தழும்புகள் தங்கிவிட்டன, மாடிப்படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவார். மூக்குக்கு வாசனை மட்டும் திரும்பவில்லை. வசந்தம் வந்தது, கோடை போனது, ப்ளம் பழுத்து ரக்கியா வடித்தார், வாசனை தெரியாமலே வடித்தார். பாட்டிலில் ஊற்றும்போது அண்ணி பக்கத்தில் நின்று வினிகர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள்.

அடுத்த ஜூர்ஜித்ஸ் வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. திஹோமிர் வந்தார், நான் போனேன், அவ்வளவுதான். பாதிரியார் போனபிறகு அண்ணன் மெழுகுவத்திக்கு முன்னால் நின்று வாழ்த்தைச் சொன்னார், நான்கு இடத்தில் நிறுத்தி, ஆனால் முழுசாக. பிறகு மேசைத் தலைமாட்டிலிருந்த நாற்காலியை, அப்பாவின் நாற்காலியை, இழுத்துப் போட்டு அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"பெர்சிதா. வா. உக்காரு."

"எனக்கு வேலை இருக்கு."

"உக்காருன்னு சொல்றேன்ல!"

அண்ணி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். அப்புறம் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். திஹோமிர் அவளுக்கு ஒயின் ஊற்றினார். அண்ணன் கையில் தட்டோடு எங்களைச் சுற்றிச் சுற்றி நடந்து பரிமாறினார், ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

திடீரென்று நின்றார். மூக்கு சுருங்கியது. தலையைத் தூக்கினார்.

"ஏதோ..." என்றார். "ஏதோ தீயுது." பிறகு கண் பெரிதாகி, ஒரே மூச்சில் கத்தினார்: "ஐயோ பெர்சிதா, சர்மா அடிப்பிடிக்குது!"

ஒரு வருஷமாகக் காத்திருந்த மூக்கு. எங்கள் மூன்று பேருக்கும் அதற்கு முன்பே நெடி வந்துவிட்டது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் அசையாமல் இருந்தோம். அண்ணன் அடுப்படியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடி அடுப்படியைப் பார்த்தார்.

அண்ணி ஒயின் கிளாஸை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"நிக்கிற ஆளு போய்ப் பாருய்யா" என்றாள்.